மங்கல வழக்கும் மொழிபெயர்ப்பும்: அணியை இனங்காணல் பற்றிய ஒரு திறனாய்வு

தமிழ்ப் பாடத் தேர்வுகளில் தவறாது இடம்பெறும் வினாக்களுள் ஒன்று, 'இப்பாடலில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்பதாகும். விடை ஒரு சொல்லில் அடங்கும். அணி என்பது தொடரில் வெளிப்படையாகக் காணக் கிடக்கும் ஒன்று, அதற்கு ஒரு பெயர் உண்டு, பெயரைக் கூறிவிட்டால் அதனை அறிந்தவராவோம் என்னும் எண்ணம் இவ்வினாவின் அடியில் உள்ளது. மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் பலரிடமும் இவ்வெண்ணம் வேரூன்றியிருக்கக் காணலாம். வழக்கு மொழியை நோக்கும்போது இது நிலைபெறுவதில்லை.

தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் மங்கலம் இல்லை. நன்னூலார் அதனைச் சொல்லதிகாரத்துப் பெயரியலில், இடக்கரடக்கல், குழூஉக்குறி ஆகியவற்றோடு தகுதி வழக்காக வைத்தார். தொல்காப்பிய எச்சவியலும் அவையல் கிளவியை மறைத்துக் கூறுதல் பற்றிப் பேசுகிறது. அன்றாடப் பேச்சின் அணித்தன்மை, லேக்காஃப், ஜான்சன் இருவரும் 1980-இல் உருவகம் பற்றி எழுதிய நூலுக்குப் பின்னரே உணரப்பட்டது என்பார் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று. ஆயினும் அவர்கள் கூறியன அனைத்தும் நம் இலக்கணங்களில் முன்னரே உள்ளன என்பதும் மிகையே. அவர்கள் ஆராய்ந்தது சிந்தனையின் அமைப்பு. நன்னூலார் வகுத்தது சொல் வழங்கும் முறை.

ஒரு தொடருக்கு ஓர் அணி என்னும் கணக்கு வழக்கில் செல்லாது. 'பாத்ரூம் வருகிறது' என்று குழந்தை சொல்கிறது. இடத்தின் பெயர் அங்கு நிகழும் செயலுக்கு ஆகி வந்தமையின் இஃது இடவாகுபெயர். கூறத் தகாததை மறைத்தமையின் இடக்கரடக்கல். குளியலறையைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல்லே கழிப்பறைக்கு ஆகி வந்த ஒரு மறைப்பு என்பதையும் சேர்த்தால் மூன்று அடுக்குகள் உள. எந்த ஒன்றைத் தேர்வு விடையாக ஏற்பது?

உரையாசிரியர்கள் மங்கலத்திற்குத் தரும் எடுத்துக்காட்டுகளை இன்றைய வழக்கோடு ஒப்பிட வேண்டியுள்ளது. காராட்டை வெள்ளாடு என்பது அவற்றுள் ஒன்று. செம்மறி என்பதன் எதிரே நிற்கும் நிறப்பெயராகவே அது எனக்குப் படுகிறது. எவ்வாறாயினும் இன்று எவரும் அதில் மங்கலத்தை உணர்வதில்லை. ஒரு மங்கலம் உயிரோடு உள்ளதா என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு: அதனை மீறியவரைப் பிறர் திருத்துகின்றனரா என்று காணல். 'நாகப்பாம்பு' என்றவரை 'நல்ல பாம்பு என்று சொல்' என எவரும் திருத்துவதில்லை. ஆகவே மொழிபெயர்ப்பில் அப்பாம்பை நல்லதாக்க வேண்டுவதில்லை. அகல்விளக்கை 'அணை' என்ற பிள்ளையைக் 'குளிர வை' எனத் திருத்தும் பாட்டியார், மின்விளக்கை அணைக்கச் சொல்லும்போது அதனைப் பொருட்படுத்துவதில்லை. மங்கலம் சொல்லைவிடப் பொருளையே பற்றி நிற்கிறது என்பதற்கு இது சான்று.

இறப்புச் செய்தியில் நிலைமை மேலும் நுட்பமானது. 'சிவனடி சேர்ந்தார்', 'பரமபதித்தார்', 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'வபாத்தானார்', 'இயற்கை எய்தினார்' ஆகிய ஐந்தும் ஒரே செய்தியைக் கூறுவன. இறந்தவர் எக்கூட்டத்தார், கடவுளை ஏற்றவரா அல்லரா என்பதையும் உடன் கூறிவிடுகின்றன. ஐந்தையும் ஒரே ஆங்கிலத் தொடரால் பெயர்ப்போர் மங்கலத்தைக் காத்து, மனிதரை இழக்கின்றனர்.

'போய் வருகிறேன்' என்பதைத் தமிழர்க்கே உரிய மரபாகச் சிலர் விதந்து கூறுவர். கன்னடத்தில் 'ஹோகி பருத்தேனெ', தெலுங்கில் 'வெள்ளொஸ்தானு', மலையாளத்தில் 'போயி வராம்' என்பன இதே அமைப்பின. வங்காளியர் இன்னும் ஒருபடி மேற்சென்று, போதலை முற்றும் விடுத்து, 'ஆஷி' (வருகிறேன்) என்றே விடைபெறுவர். அரிசி தீர்ந்ததை அவர்கள் 'வளர்கிறது' எனும் பொருளுடைய சொல்லால் கூறுவதும், நம் வீடுகளில் 'நிறைந்திருக்கிறது' என்பதும், இந்தியில் கடையடைத்தலையும் விளக்கணைத்தலையும் 'பெருக்குதல்' எனும் வினையால் சுட்டுவதும் ஒருங்கு நோக்கத்தக்கன. இந்திய மொழிகளுக்கிடையே பெயர்ப்போர் ஆங்கிலத்தின் வழியே சுற்றி வரும்போது இவ்வொப்புமை வீணே அழிகிறது.

இவ்விடைபெறு தொடர் உயிருள்ளது என்பதில் ஐயமில்லை. 'போகிறேன்' என்ற சிறுவரைப் பெரியோர் இன்றும் திருத்துகின்றனர். எனவேதான் கதையில் சினந்து வெளியேறும் மகள், 'நான் போகிறேன்' என்று மட்டும் கூறும்போது, விடுபட்ட 'வருகிறேன்' தாயின் காதில் விழுகிறது. இங்கே அணி சொல்லில் இல்லை, இன்மையில் உள்ளது. பாடத்தைச் சொற்சொல்லாகத் துருவி அணிகளைப் பட்டியலிடுவோர் இதனைக் காண வழியில்லை. இரண்டையும் ஒரே வகையாகப் பெயர்த்துவிட்டால் சண்டையின் உச்சமே மறைந்துபோகும்.

இதன் மறுதலை, இறப்பு நிகழ்ந்த வீடு. அங்கு 'போய் வருகிறேன்' என்பது தகாது. துக்கம் விசாரித்தவர் ஒன்றும் கூறாமல் எழுந்து செல்வார். நாவலில் அவ்வாறு எழுந்து செல்லும் உறவினரை, வழக்கறியாத அயல்மொழி வாசகர் பண்பற்றவர் எனக் கொள்ளக்கூடும். அடிக்குறிப்பு இட்டால் காட்சி முறிகிறது. 'அவ்வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பலாகாது என்பதால்' எனும் பொருள்பட ஒரு சிறு தொடரைக் கதைசொல்லியின் வாக்கிலேயே சேர்ப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்போர்க்கு, மூலத்தின் வாசகர் அத்தொடரை முன்பே அறிந்திருந்தார் என்பதே விடை.