கைநீட்டும் காவலனும் கட்டறுத்த காவலனும்

கதைகளில் வரும் பொலிஸ் அதிகாரி தீயவனாயின், அவனை இலஞ்சக்காரன் என்ற ஒரே பெயராற் சுட்டிவிடுதல் பலரிடத்துங் காணப்படும் வழக்கம். கைநீட்டாதவனை நேர்மையாளன் என்று எழுதிவிடும் மாணவரும் உளர். இலஞ்சம் வாங்குபவன் வேறு. சட்டத்தின் கட்டை அறுத்துத் தானே சட்டமாகிவிடுபவன் வேறு.

காளிதாசனின் சாகுந்தலத்து ஆறாம் அங்கத் தொடக்கத்தை நோக்குக. மோதிரத்துடன் அகப்பட்ட செம்படவனைக் காவலர் கட்டி இழுத்து வருகின்றனர், அடிக்கின்றனர், அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்பத் துடிக்கின்றனர். அரசனோ அவனை விடுவித்து, மோதிரத்தின் விலைக்கொப்பான பரிசிலும் அளிக்கின்றான். பொறாமையோடு நோக்கும் காவலருக்குச் செம்படவன் அதிற் பாதியை ஈகின்றான். உடனே நட்பு மலர, எல்லாரும் கள்ளுக்கடைக்குப் புறப்படுகின்றனர்! நாம் சிரிக்கின்றோம். அவர்கள் வேண்டுவது பணமே. தீர்ப்பு அரசனிடத்தே பழுதின்றி இருக்கின்றது.

இலஞ்சம் என்றும் நகைக்கே உரியதன்று. றேமண்ட் சான்ட்லர் 1940 இல் வெளியிட்ட 'பெயார்வெல், மை லவ்லி' என்னும் நாவலில், சூதாட்டக்காரனொருவன் பணத்தால் நகராட்சியையே வசப்படுத்தியதாகப் பேச்சு. ஆயினும், அங்குள்ள பொலிஸ்காரனொருவன், விரும்பினும் நேர்மையாக வாழ இயலாதென நொந்து பேசுகின்றான். தான் விற்பது இன்னதென அவன் அறிவான்.

ஓர்சன் வெல்ஸ் 1958 இல் இயக்கி நடித்த 'டச் ஒவ் ஈவில்' திரைப்படத்துக் குயின்லனிடம் அந்த நோவு இல்லை. காசுக்கு மசியாதவன் அவன். மனைவியைக் கொன்றவன் தண்டனைக்குத் தப்பியபின், தன் உள்ளுணர்வு குற்றவாளியெனக் காட்டுவோருக்கெதிராகத் தானே தடயம் வைக்கின்றான். சான்செஸ் என்னும் இளைஞனின் வீட்டில் வெடிமருந்து 'கண்டெடுக்கப்படுவதும்' அவ்வாறே. ஈற்றிலே சான்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வருகின்றது. குயின்லனின் ஊகம் சரி!

இம்முடிவு படத்தின் கருத்தைக் குலைக்கின்றதென வாதிடலாம். யான் அதனையே படத்தின் வலிமையென்பேன். சான்செஸ் நிரபராதியாயிருந்தால் நமது தீர்ப்பு எளிதாகியிருக்கும். இப்போதோ, ஊகம் பலித்த இடத்தும் வழி தவறென்று சொல்லும் பொறுப்பு நம்மீது விழுகின்றது. அவன் முன்னர் நடத்திய வழக்குகளிலும் தடயங்கள் புனையப்பட்டமை படத்தில் வெளிப்படுகின்றது. காவலர் கைப்பட்ட செம்படவனுக்கு அரசனின் தீர்ப்பு எஞ்சியிருந்தது. குயின்லன் கைப்பட்டோருள் எவர் குற்றவாளி, எவர் நிரபராதி என்பதை நீதிமன்றமும் இனிப் பிரித்தறிய இயலாது.