ரியெல் என்பது ரைலிதானா?

1885 நவம்பர் 22. மொன்றியல் நகர மண்டபத்துக்குப் பின்னாலுள்ள ஷான் த மார்ஸ் திடலில் ஐம்பதாயிரம் பேர் வரை திரண்டார்கள் என்று சொல்வார்கள். ஆறு நாளைக்கு முன் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்ட லூயி ரியெலுக்காகக் கூடிய கூட்டம் அது. பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெத்திஸ் மக்களின் தலைவர், மனிடோபா மாகாணம் பிறக்கக் காரணமானவர், சிறுவனாக இதே மொன்றியலில் சுல்பீசியப் பாதிரியார்களின் கல்லூரியில் படித்தவர். அவருக்காக அழுதவர்கள் அவரைப் பிரெஞ்சு இரத்தம் என்றே எண்ணி அழுதார்கள்.

அந்த இரத்தத்துக்கு இன்னொரு உரிமையாளரும் உண்டு. ரியெல் என்பது ரைலியின் திரிபு, அதாவது ஓரைலி என்ற பழைய ஐரிஷ் குலப் பெயர் பிரெஞ்சு வாயில் உருமாறியது என்ற கூற்று அயர்லாந்திலும் கனடாவிலும் பல காலமாகப் புழங்குகிறது. குடும்ப வரலாற்று நூல்களில் அது நிரூபணமான செய்தியைப் போலவே அச்சாகிறது. மூன்று நூற்றாண்டு திருமணப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் கியூபெக்கில் இப்படி ஒரு கூற்றைச் சோதிக்காமல் ஏற்க வேண்டியதில்லை.

முதலில் கையில் இருக்கும் சான்று. 1704 ஜனவரியில், மொன்றியலிலிருந்து ஆற்றோடு இறங்கினால் சொரெலுக்கு எதிரே வரும் டுப்பா தீவில், ழான் பப்தீஸ்த் ரியெல் என்பவருக்கும் லூயீஸ் கொத்துவுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை அயர்லாந்தின் லிமெரிக் நகரம், புனித பேதுரு பங்கைச் சேர்ந்தவர் என்று பங்குப் பதிவேடு சொல்கிறது. தகப்பன் பெயரும் ழான் பப்தீஸ்த் ரியெல். தாய் லூயீஸ் லாஃபொந்தேன். அக்கால வழக்கப்படி குடும்பப் பெயரோடு ஒட்டிய பட்டப்பெயர் ‘லிர்லாந்து’. ஊரார் இவரை ‘அயர்லாந்துக்காரர்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இவருடைய வழியில் வந்த இன்னொரு ழான் பப்தீஸ்த் தோல் வணிகத்துக்காக வடமேற்கே போய் மெத்திஸ் பெண்ணை மணந்தார். அவருடைய பேரன்தான் லூயி.

இந்தப் பதிவு எதை உறுதிப்படுத்துகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊரை உறுதிப்படுத்துகிறது. குலத்தை உறுதிப்படுத்தவில்லை. ரைலி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அதைவிடச் சங்கடமானது பெற்றோர் பெயர். லூயீஸ் லாஃபொந்தேன் என்பது நோர்மண்டியிலோ பாரிஸிலோ எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பெயர். லிமெரிக்கில் ஓர் ஐரிஷ் பெண்ணுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பாதிரியார் பிரெஞ்சாக்கி எழுதியிருப்பார் என்பது வழக்கமான பதில்.

அந்தப் பதிலைச் சோதிக்க நல்ல ஒப்பீடு மொன்றியலிலேயே இருக்கிறது. 1670 செப்டம்பரில் இங்கே பாரிஸ்காரி ழான் ஷார்தியேயை மணந்த தெக் ஓப்ரி, புதிய பிரான்சில் பெயர் தெரிந்த முதல் ஐரிஷ்காரர்களில் ஒருவர். தெக் என்பது தைக் என்ற சுத்த ஐரிஷ் பெயர். ஓப்ரி என்பது ஓ ப்ரனோன், இன்று பிரெனன் என்று எழுதுவது. பதிவில் தகப்பன் கொன்னர். தாயின் பெயரிலும் ஓ கொன்னரின் ஓசை தெளிவாகக் கேட்கிறது. பாதிரியார் காதில் விழுந்ததைத் தட்டுத்தடுமாறி எழுத்தில் பிடித்திருக்கிறார். பிறந்த ஊரின் பெயர் அடையாளம் தெரியாமல் சிதைந்துபோனாலும் மனிதர்களின் பெயர் தப்பித்தது. 1670இல் ஒரு பாதிரியாரால் ஐரிஷ் பெயர்களை ஓரளவாவது எழுத முடிந்தது என்றால், 1704இல் இன்னொருவர் மூன்று பேரின் பெயரையும் தடயமே இல்லாமல் பிரெஞ்சாக்கினார் என்று கொள்ளத் தனிக் காரணம் வேண்டும். கை வேறு, ஊர் வேறு என்பதால் இது தீர்மானமான மறுப்பு ஆகாது. ஆனால் நிரூபிக்கும் சுமை ரைலி கட்சியின் தோளில்தான் ஏறுகிறது.

ஓப்ரி வழக்கில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அவரை ஐரிஷ்காரர் என்று காட்டிக்கொடுப்பது குடும்பப் பெயர் அல்ல, சொந்தப் பெயர். ஓப்ரி என்பது பிரான்சில் பழங்காலம் முதல் புழங்கும் பெயரும் கூட. இன்று கியூபெக்கில் ஒரு ஓப்ரியைச் சந்தித்தால் அவர் தெக்கின் பேரர் என்றும் சொல்லலாம், அயர்லாந்துப் பக்கமே போகாத ஒரு குடியானவரின் பேரர் என்றும் சொல்லலாம். தைக் என்ற பெயர் ஏமாற்றாது. ழான் பப்தீஸ்த் எதையும் சொல்லாது.

ரைலி கட்சியினர் அடுத்து நிலப்படத்தைக் காட்டுவார்கள். ஐரிஷ் குடும்பப் பெயர்களுக்கு ஊர் உண்டு என்பது உண்மை. ‘ஓ’ என்றால் பேரன் வழி, ‘மாக்’ என்றால் மகன். ஒரு மூதாதையின் பெயரை வைத்துப் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே குலப் பெயர்கள் உறைந்து, ஒவ்வொரு குலமும் ஒரு நிலப்பகுதியோடு ஒட்டிக்கொண்டது. ஓரைலிகளின் நிலம் கிழக்கு பிரெஃப்னி, இன்றைய காவன் மாவட்டம். அங்கிருந்து லோங்ஃபோர்ட், மீத், வெஸ்ட்மீத் வரை பரவினார்கள். 1890இன் பிறப்புப் பதிவுகளை வைத்து ரொபேர்ட் மதீசன் போட்ட கணக்கில் அயர்லாந்து முழுவதிலும் பதினோராவது பெரிய பெயர் ரைலி. லிமெரிக்கோ தெற்கே, மன்ஸ்டர் மாகாணத்தில், ஷானன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அது ரயன்களும் ஓபிரையன்களும் வாழும் நாடு. படத்தின் சாட்சியம் ரைலிக்கு எதிராகவே போகிறது.

அதற்காக உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. படத்துக்கும் வயது உண்டு. நமக்குப் பழக்கமான ஐரிஷ் பெயர்ப் பரவல் படங்கள் பெரும்பாலும் கிரிஃபித் நில மதிப்பீட்டை வைத்துப் போட்டவை. அது 1847க்கும் 1864க்கும் இடையில் எடுக்கப்பட்டது. ரியெல் கலியாணத்துக்கும் அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. நடுவில் பெரும் பஞ்சம். காலத்தால் நெருங்கிய ஆவணம் 1659இன் குடிக்கணக்கு. வட்டாரவாரியாகப் பெரிய ஐரிஷ் பெயர்களைத் தரும் அருமையான ஆவணம் அது. ஆனால் ஐந்து மாவட்டங்களின் ஏடுகள் அதில் காணாமல் போயின. அந்த ஐந்தில் ஒன்று காவன். நமக்கு வேண்டிய பக்கமே கிழிந்திருக்கிறது.

ரைலி கட்சியின் மிக வலுவான வாதம் நிலப்படத்திலிருந்து வரவில்லை, போரிலிருந்து வருகிறது. 1690, 1691 ஆண்டுகளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் கத்தோலிக்கப் படை பின்வாங்கிப் பின்வாங்கி கடைசியில் அடைக்கலம் புகுந்த கோட்டை லிமெரிக். ஓரைலி ஒருவரின் பெயரில் ஒரு படைப்பிரிவே அந்தப் படையில் இருந்தது. 1691 அக்டோபரில் லிமெரிக் உடன்படிக்கை கையெழுத்தானதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். ‘காட்டு வாத்துகள்’ என்று ஐரிஷ் நினைவு அவர்களை அழைக்கிறது. அப்படிப் போன ஒருவன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கனடா வந்து, எந்த ஊர் என்று கேட்டால் தான் கடைசியாக மண்ணை மிதித்த லிமெரிக்கைச் சொல்லியிருக்கலாம். காவன் ரைலி லிமெரிக் ரியெல் ஆனது இந்த வழியில்தான் என்றால், அது நடக்கக்கூடிய கதை. ஆனால் பதிவேடு நகரத்தோடு நிற்கவில்லை, பங்கின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. கப்பலேறிய துறைமுகத்தைச் சொல்கிறவன் பங்கின் பெயரை ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

எதிர்க்கட்சியின் கதைக்கும் இதே உரைகல்தான். ரியெல் பிரெஞ்சுப் படைவீரன் ஒருவனுக்கு லிமெரிக்கில் பிறந்த பிள்ளை, அதனால்தான் பெற்றோருக்குப் பிரெஞ்சுப் பெயர் என்ற ஊகம் கேட்கச் சுத்தமாக இருக்கிறது, கணக்கில் விழுந்துவிடுகிறது. பிரெஞ்சு மன்னர் லூயி அனுப்பிய பெரும்படை அயர்லாந்தில் இறங்கியது 1690 மார்ச்சில். அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு 1704 ஜனவரியில் பதின்மூன்று வயது. கலியாண வயது அல்ல. பெற்றோர் பிரெஞ்சுக்காரர்கள் என்றால் அவர்கள் போருக்கு வெகு முன்பே வணிகத்துக்கோ வேறெதற்கோ அங்கே குடியேறியிருக்க வேண்டும். ரியெல் என்ற பெயர் பிரான்சுக்கு அந்நியமும் அல்ல. பர்கண்டியில் ரியெல்-லெ-ஸோ என்று ஒரு கிராமமே இருக்கிறது.

ஒலி வாதத்துக்கு அதிகம் செலவிட வேண்டாம். ரைலி உயிரோசையில் முடிகிறது, ரியெல் மெய்யில். ரைலியைக் கேட்ட பிரெஞ்சு எழுத்தர் கடைசி ‘இ’யை விழுங்கிவிட்டு நடுவில் புதிதாக ஓர் உயிரைப் புகுத்த வேண்டும். எழுத்தர்கள் இதைவிடக் கொடுமைகள் செய்திருக்கிறார்கள்தான். ஆனால் எதுவும் எதுவாகவும் திரியும் என்று வைத்துக்கொண்டால் ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை.

நிலப்படமும் பதிவும் ஒத்துப்போகும் வழக்கு எப்படியிருக்கும் என்பதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டு மொன்றியலில் வைத்தியம் பார்த்த திமொத்தே சில்வேனைக் காட்டலாம். பெயரைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர். ஆள் கோர்க் மறைமாவட்டத்திலிருந்து வந்த சலிவன். ஓ சலிவன்களின் நிலம் கோர்க்கும் கெர்ரியும். தைக் என்ற ஐரிஷ் பெயரை ஆங்கிலத்தில் டிமோதி என்றே எழுதுவார்கள். ஊர், குலம், சொந்தப் பெயர் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இவர் 1720இல் மணந்த விதவையின் மகள்தான் பின்னாளில் சாம்பல் கன்னியர் சபையை நிறுவிய மார்கரித் தியூவில். அந்தச் சபையின் கன்னியர்கள் 1847இல் போயிண்ட் சென் ஷார்ல் கொட்டகைகளில் டைபஸ் காய்ச்சலில் கிடந்த ஐரிஷ் அகதிகளைப் பராமரித்து, தாங்களும் செத்தார்கள். சலிவனின் பெயர் அந்தக் கதையில் வருவதில்லை.

1847ஐத் தொட்டதால் பெயர்ப் படங்களின் பெரிய ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். விக்டோரியா பாலத்தின் வாசலில், வாகனங்கள் இரு பக்கமும் விரையும் சாலை நடுவே ஒரு கரும் பாறை நிற்கிறது. பாலம் கட்டிய தொழிலாளர்கள் ஆற்றிலிருந்து எடுத்து 1859இல் நிறுத்தியது. அந்தக் காய்ச்சலில் இறந்து அங்கே புதைந்தவர்கள் ஆறாயிரம் பேர். கல்லில் எண் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, புதைந்தவர்களில் ஒருவரின் குடும்பப் பெயர்கூட இல்லை. எந்தப் பரவல் படமும் பிழைத்துப் பிள்ளை பெற்று, பதிவேட்டில் ஏறியவர்களின் படம்தான்.

அதேபோல் ‘கியூபெக்காரர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஐரிஷ் இரத்தம்’ என்ற புகழ்பெற்ற வாய்ப்பாட்டையும் தட்டிப் பார்க்கலாம். 2006 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கியூபெக்கில் தமக்கு ஐரிஷ் பூர்வீகம் உண்டென்று சொன்னவர்கள் சுமார் நாலு லட்சம், ஐந்தரை விழுக்காடு. பங்குப் பதிவுகளைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வம்சாவளிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான மக்கள்தொகை ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு வம்சாவளியில் ஒரு ஐரிஷ் மூதாதையாவது இருந்தார். ஆனால் மரபணுத் தொகுதியில் அவர்களின் பங்கு ஒரு விழுக்காட்டு அளவே. நாற்பது, இருபது, ஐந்தரை, ஒன்று. கேள்வியை மாற்றினால் விடை மாறுகிறது. கவிஞர் எமீல் நெலிகானின் தகப்பன் டப்ளின்காரர், தாய் ரிமூஸ்கியின் பிரெஞ்சுக்காரி. பெயர் ஐரிஷ், எழுதியது முழுக்கப் பிரெஞ்சில். அவரை எந்தக் கணக்கில் வைப்பது?

பெயரை வைத்துக் குலம் காண்பதில் எனக்குள்ள தயக்கம் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்து வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பன் பெயரைக் குடிவரவு அதிகாரி குடும்பப் பெயராக ஏற்றிவிட்டார். 1981 முதல் கியூபெக்கில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் சட்டப்படி. ஆகவே கணவர் சிவலிங்கம், மனைவி கந்தசாமி, கணவரோடு கூடப் பிறந்தவர் ரொறன்ரோவில் வேறு பெயர். முன்னூறு வருஷம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் மொன்றியலில் சிவலிங்கங்கள் செறிந்த இடத்தை நிறம் தீட்டி, இது சிவலிங்கம் குலத்தின் நிலம் என்று எழுதினால் நம் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஐரிஷ் பெயர்கள் அவ்வளவு இளகியவை அல்ல. ஆனால் கடலைக் கடந்து வேற்று மொழி எழுத்தரின் மேசைக்கு வரும்போது எந்தப் பெயரும் இளகும்.

ரைலிக் கதை ஏன் இவ்வளவு எளிதில் பிடித்துக்கொண்டது என்பதும் இந்த வழக்கின் பகுதிதான். 1870இல் ரியெலின் தற்காலிக அரசு சுட்டுக் கொன்ற தோமஸ் ஸ்கொட் வட அயர்லாந்தில் பிறந்தவர், புராட்டஸ்டன்ட்களின் ஓரஞ்சு சங்கத்துக்காரர். பதினைந்து வருஷம் கழித்து ரியெலின் தலையைக் கேட்டு ஒன்ராறியோவில் கூச்சலிட்டவர்களும் அதே சங்கத்தார். ரியெலை ரைலி ஆக்கிவிட்டால், லிமெரிக்கில் தோற்ற கத்தோலிக்கனின் வாரிசை வென்றவனின் வாரிசு தூக்கில் போட்டதாகக் கதை முழு வட்டமாகிவிடும். இவ்வளவு அழகாகப் பொருந்துகிற கதையிடம் சாட்சியத்தைக் கூடுதலாகவே கேட்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. தெக் ஓப்ரி ஐரிஷ், குலமும் நிரூபணம். ஆனாலும் கில்கெனிப் பக்கத்துப் பிரெனன்களா, ரொஸ்கொமன் பிரெனன்களா என்பது பாக்கி, ஏனென்றால் அந்தப் பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனி வேர்கள் உண்டு. சில்வேன் ஐயமின்றிச் சலிவன். ரியெல் அயர்லாந்திலிருந்து வந்தவர். பதிவும் பட்டப்பெயரும் சேர்ந்து சொல்வதை மறுக்க நியாயமில்லை. ரைலி என்பது கூடாததல்ல. ஆனால் பதிவு ஆதரிக்கவில்லை, பெற்றோர் பெயர் எதிர்க்கிறது, ஒலி இடறுகிறது, நிலம் ஒத்துவரவில்லை. போர் ஒன்றுதான் அதற்காகப் பேசுகிறது. வம்சாவளி அட்டவணையில் ‘ரைலி’ என்று எழுதுகிறவர்கள் பக்கத்தில் கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும். இதை மாற்றக்கூடியவை இரண்டு: பிரெஞ்சுக் கடற்படைச் சிப்பாய்ப் பட்டியலில் ரைலி என்றே எழுதிய ஒரு வரி, அல்லது டுப்பா தீவு ரியெலின் ஆண்வழி வாரிசுகளுடைய வை குரோமோசோம் காவன் ஓரைலிகளோடு பொருந்துவது. அப்படி ஒன்று வந்தால் கேள்விக்குறியை அழித்துவிடலாம்; வெறும் ஓசை ஒற்றுமைக்காக அழிக்கக் கூடாது.