ஒரே இரவில் தீரும் நோய்: நம் திரைப்படங்களும் உளச் சிகிச்சையும்

மாணவ நண்பர்களே, உளநோய்க்குச் சிகிச்சை என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றும் காட்சி யாது? இக்கேள்வியை என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மதுரையிலிருந்தும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் பிள்ளைகள் அவர்கள். பலரும் சொன்ன விடை "சந்திரமுகி". 2005ஆம் ஆண்டில் அப்படம் வெளிவந்தபோது அவர்களிற் பலர் பிறக்கவே இல்லை! தொலைக்காட்சி அதை ஓயவிட்டால்தானே?

நானும் பள்ளி நாளில் அதைக் கைதட்டிப் பார்த்தவன்தான். மலையாளத்தில் 1993இல் வந்த "மணிச்சித்திரத்தாழ்" படத்தைத் தழுவி பி. வாசு இயக்கியது அது. ஊரார் பேய் என்று நடுங்குவதை, நோய் என்று ஒரு மருத்துவரைக் கொண்டு சொல்ல வைத்தது மெச்சத்தக்கதே. கோடாங்கியிடம் குறி கேட்பதும் வேப்பிலை அடிப்பதும் இன்னும் வழக்கிலுள்ள நம் பக்கத்தில் இது சிறிய செய்தி அன்று.

ஆனால் அம்மருத்துவர் சிகிச்சை செய்யும் முறையைக் கவனியுங்கள். நோயாளியின் ஊருக்குப் போய்த் துப்பறிகிறார். கணவனுக்கு நோயை விளக்குகிறார். நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதே ஒரு சிகிச்சை என்பது படத்தில் எங்குமே இல்லை. இறுதியில் மந்திரவாதியின் துணையோடு ஒரு நாடகம் நடத்துகிறார். ஒரே இரவில் நோய் போய்விடுகிறது. வேப்பிலைக்குப் பதில் மருத்துவப் பட்டம், அவ்வளவே வேறுபாடு.

அதே ஆண்டில் வந்த ஷங்கரின் "அந்நிய"னில் அம்பியை நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவள் நந்தினி. 2012இல் வந்த "3" படத்தில் கணவனின் நோய் மனைவிக்கே மறைக்கப்படுகிறது. நோயாளியை யாரேனும் கொண்டுபோக வேண்டும், இல்லையேல் மறைக்க வேண்டும். "எனக்கு முடியவில்லை" என்று தானே நடந்து போய் மருத்துவர் முன் உட்காரும் ஒருவரை இப்படங்களில் நாம் காண்பதில்லை. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் மனச்சோர்வு நோயும் கதைக்குள் வருவது அரிது. காரணம் எளிது. அந்நோயில் காட்சி இல்லை. சலங்கை ஒலி கேட்காது, குரல் மாறாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டு கிடப்பார். வளரும் பிள்ளைகளிடம் சோகத்தைவிட எரிச்சலே மேலோங்கித் தெரியலாம். இதை வைத்து இடைவேளை விட முடியுமா?

இது வெறும் சினிமாச் சண்டை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வகத்தில் ஒரு மாணவன், கூட்டு ஊசலின் அலைவுகளை எண்ணிக்கொண்டிருந்தவன், பாதியில் நின்றுவிட்டான். எண்ணிக்கை மனத்தில் நிற்கவில்லையாம். தினமும் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். "டாக்டரப் பார்க்கலாமா சார்?" என்று அவனே கேட்டான். "அதெல்லாம் கிறுக்குப் பிடிச்சவங்களுக்குடா தம்பி. மனசத் தைரியமா வச்சுக்க" என்று நான் சொன்னேன். நான் பெற்ற எம்.எஸ்சி. பட்டம் அன்று எனக்கு உதவவில்லை. கொட்டகையில் கற்றதே வாயில் வந்தது. அவனுக்கு ஓர் ஆண்டு வீணாயிற்று. பிறகு அவன் அக்காள்தான் அழைத்துப் போனாள்.

நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒன்று. மனச்சோர்வு நோய் உடையவர்களில் 100க்குச் சுமார் 85 பேர் சிகிச்சை பெறவில்லை என்று அது கண்டது. என்னைப் போல் புத்தி சொன்னவர்கள் எத்தனை பேரோ!

நல்ல படமே இல்லையா எனில், உண்டு. கௌரி ஷிண்டே இயக்கி 2016இல் வந்த இந்திப் படம் "டியர் ஜிந்தகி". தூக்கமின்றித் தவிக்கும் கதாநாயகி தானே சிகிச்சை தேடிப் போகிறாள். குறித்த நேரம், தொடர்ந்த சந்திப்புகள், பேச்சு. அவள் சிகிச்சையாளரிடம் மனம் சாயும்போது அவர் நாகரிகமாக மறுத்து, சிகிச்சையை உரிய இடத்தில் முடிக்கிறார். இந்த எல்லையைக் காட்டியதற்காகவே படத்தைப் பாராட்டலாம். (கோவாக் கடற்கரையில் உலாவிக்கொண்டே சிகிச்சை பெறும் வசதி வைகைக்கரையில் நமக்குக் கிட்டாது என்பது வேறு!) எனினும் இப்படமும் ஒரு பழைய சூத்திரத்தை விடவில்லை. குழந்தைப் பருவத்தில் புதைந்த ஓர் இரகசியம். அதைத் தோண்டினால் குணம். கங்காவுக்கும் அதுவே மருந்தாயிற்று.

உண்மையில் இன்று மனச்சோர்வுக்குப் பரவலாகக் கையாளப்படும் முறை வேறு. அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் அதை வகுத்தார். அவரும் முதலில் இளமை இரகசியங்களைத் தோண்டும் பள்ளியில் பயின்றவரே. ஆனால் நோயாளிகளிடம் இன்றைய சிந்தனையிலேயே ஒரு கோணல் ஓடுவதைக் கண்டார். "ஒரு தாளில் தோற்றேன், ஆகவே நான் எதற்கும் உதவாதவன்" என்பது போன்ற எண்ணம் தானாகவே வந்து விழும். சிகிச்சையாளர் அதை மறுப்பதில்லை, கருதுகோளாக எடுத்துக்கொண்டு, "இதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன?" என்று கேட்கிறார். குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறார். நம் ஆய்வகப் பதிவேட்டுக்கு இதைவிட நெருங்கிய உறவு உண்டா? வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம் போல, பொதுவாக 12 முதல் 20 சந்திப்புகள். நோய் கடுமையாயின் மருந்தும் சேரும். இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. என் மாணவனிடம் கேட்டேன். "பேசிக்கிட்டிருந்தாங்க சார், வீட்டுப்பாடம் குடுத்தாங்க, அவ்வளவுதான்" என்றான். முதல் ஐந்து வாரம் ஒன்றுமே தெரியவில்லையாம்.

அந்த ஐந்து வாரத்தை எந்த இயக்குநர் படமாக்குவார்?

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் உளமருத்துவப் பிரிவு உள்ளது. எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் இத்துறையில் பணியாற்றி வருகிறது. அங்கே சொல்வது வெளியே போகுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. இரகசியம் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற அரசின் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். 2022 முதல் இயங்கும் இச்சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.