தவமும் பூனையும்

தவசியைத் தனியாகக் காட்டுவது சுலபம். ஒரு மரம், ஒரு பாறை, நீண்ட தாடி, மூடிய கண். நம்முடைய காலண்டர் படங்கள் இதற்கு மேல் போவதில்லை. சுற்றிலும் உலகத்தை வைத்துவிட்டு, அதன் நடுவிலும் அவரைத் தவசியாகவே நிற்கச் செய்வதுதான் கஷ்டம்.

ஸ்பெயின் தேசத்து ஓவியர் வெலாஸ்க்வெஸ் 1630-களில் இந்தக் காரியத்தைச் செய்தார். மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையில் இருக்கும் அவருடைய படத்தில், வனவாசியான பவுலை அந்தோணியார் சந்திக்கிறார். பெரிய பாறை, ஆறு, தூரத்தில் நீல மலைகள். மேலிருந்து ஓர் அண்டங்காக்கை ரொட்டியைக் கொண்டுவருகிறது. உலகத்தை விட்டவரையும் பசி விடவில்லை என்பதை ஓவியர் மறைக்கவில்லை.

நம் மாமல்லபுரத்துச் சிற்பி அவருக்கு ஆயிரம் வருஷம் முந்தியவர். துணிச்சலிலும் ஒரு படி மேல். 90 அடிக்கு மேல் நீண்ட பாறையில் தேவர், வேடர், நாகர், யானைக் கூட்டம் எல்லோரும் இருக்கிறார்கள். பாறைப் பிளவுக்கு ஒரு பக்கம், எலும்பு தெரிய, ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார் ஒருவர். அவர் அர்ஜுனனா, பகீரதனா என்று பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். மறுபக்கம், யானையின் அருகே, ஒரு பூனையும் கைகளைத் தூக்கி நிற்கிறது! கங்கைக் கரையில் தவவேஷம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை பாரதத்தில் உத்தியோக பர்வத்தில் வருகிறது.

இதை வெறும் வேடிக்கை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. கை தூக்குவதுதான் தவம் என்றால் பூனையும் தவசிதானே? சிற்பி அதற்குப் பதிலும் செதுக்கியிருக்கிறார். மனிதருக்குப் பக்கத்தில் சிவபெருமான் நிற்கிறார். பூனையின் காலடியில் எலிகள். எதை வேண்டி நிற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் கிணத்துக்கடவில் பொன்மலை மேல் வேலாயுதசாமி கோயில் இருக்கிறது. வட்டிக்கு விடுகிறவரும் படியேறுகிறார், கடன்பட்டவரும் ஏறுகிறார். கைகூப்புவது இருவருக்கும் ஒரே மாதிரிதான். நாவல் எழுதுகிற நாம், மகான் பாத்திரம் வந்தவுடன் பயந்துபோய்ப் பூனையை விரட்டிவிடுகிறோம். வாசகர் மனம் புண்படும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். பல்லவர் காலத்துச் சிற்பிக்கு அந்தப் பயம் இல்லை. பூனை பக்கத்தில் நின்றதனால் அவருடைய தவசிக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.