பத்து ரூபாய் என்னும் பிரதி

2013 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று 'அம்மா குடிநீர்' விற்பனைக்கு வந்தபோது, நம் வட்டாரத்தில் நடந்த விவாதம் முழுக்கப் பெயரைச் சுற்றியே இருந்தது. தாய்மை, தனிநபர் வழிபாடு, தாயின் பெயரை அதிகாரத்தின் குறியாக்குவது என்று நானும் ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிஷம் பேசித் தீர்த்தேன். பேசியது தப்பில்லை. ஆனால் அந்தப் பாட்டிலுக்கு ஒரு விலையும் இருந்தது. அதை நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஆலை. நடத்தியது அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம். நாளொன்றுக்கு 3 லட்சம் லிட்டர் என்பது திட்டம். அப்போது தனியார் பாட்டில் 20 ரூபாய், ரயில் நீர் 15, இது 10. இந்த இறங்கு வரிசைதான் பிரதியின் இலக்கணம். அரசு தன் தண்ணீரைத் தெருக்குழாயோடு ஒப்பிடவில்லை. கம்பெனித் தண்ணீரோடு ஒப்பிட்டது. 'மலிவு' என்று சொன்ன மாத்திரத்தில், விலை உண்டா இல்லையா என்ற கேள்வி சொல்லாடலை விட்டே வெளியேற்றப்பட்டுவிடுகிறது. கேட்டுப் பெற வேண்டியவள் வாங்கிச் செல்பவளாகிறாள், அதுவும் நன்றியோடு.

கணக்குக்கு வருவோம். (விமர்சகர்களுக்குக் கணக்கு ஆகாது என்பது பழைய குறை.) அதே திருவள்ளூர் மாவட்டத்தில், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதைக் கட்டிய தனியாரோடு சென்னைக் குடிநீர் வாரியம் முதலில் ஒப்புக்கொண்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. கடலை உப்பு நீக்கி, கம்பெனிக்கு லாபமும் சேர்த்து, லிட்டருக்கு ஐந்து காசு கூட இல்லை. பத்து ரூபாய்த் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்குப் பத்தாயிரம். நடுவில் நிற்பது தண்ணீர் அல்ல. பிளாஸ்டிக், மூடி, அட்டைப்பெட்டி, வண்டி, கடை. 3 லட்சம் லிட்டர் என்பது 9,000 லிட்டர் லாரியில் 33 லோடு சொச்சம். பேருந்து நிலையங்களில் தொட்டி வைத்து அதை ஊற்றியிருக்கலாம்.

'தொட்டித் தண்ணிய எவன் நம்பிக் குடிப்பான்?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயம்தான், நானும் பயணத்தில் பாட்டில் வாங்கிக் குடிப்பவன். ஆனால் விற்கப்படுவதே அந்த நம்பிக்கைதானே? 2001 முதல் 2024 வரை பாட்டில் தண்ணீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயமாக இருந்தது. குழாய்த் தண்ணீருக்கும் தர அளவுகோல் உண்டு, கட்டாயம் இல்லை. 2004இல் லண்டனில் கோகோ கோலாவின் 'தசானி' குழாய்த் தண்ணீர்தான் என்று தெரிந்தபோது ஊரே சிரித்தது. இங்கே அரசே பாட்டிலைத் தூக்கிக் காட்டியது. சிரிக்க யாரும் இல்லை.

கும்மிடிப்பூண்டி வெற்றிடமும் அல்ல. பூண்டி, தாமரைப்பாக்கம், மீஞ்சூர் என்று இந்த ஆற்றுப்படுகைக் கிணறுகள் பல பத்தாண்டுகளாகச் சென்னைக்கு இறைக்கப்பட்டவை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் உள்ளே ஏறியது 1960களின் கடைசியிலேயே தெரிந்த சேதி. 2000களில், இலவச மின்சாரத்தில் ஓடும் பம்புசெட் தண்ணீரை விவசாயிகளிடம் விலைக்கு வாங்கியது அதே குடிநீர் வாரியம்தான். நெல்லைவிடத் தண்ணி லாபம். கிணறு இருந்தவருக்குக் காசு. அந்த வயலில் நாத்து நட்டவளுக்கு வேலை போச்சு, அவள் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் கிடையாது. தண்ணீரைப் பண்டமாக்கும் பாடத்தை இந்த மண் பாட்டில் வருவதற்கு முன்பே படித்து முடித்திருந்தது. நம் இதழ்களோ தாய்மைக் குறியீட்டைக் கட்டுடைத்துக்கொண்டிருந்தன.

அந்தக் கடைகள் இருந்த காலத்தில் ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தது. கிழவி ஒருத்தி காலிப் பாட்டிலோடு கடை முன்னால் நின்றாள்.

'கொழா எங்கப்பா இருக்கு?'

'பத்து ரூபாதான் பாட்டி. வெளியில இருபது.'

'வெல கேக்கலியே. கொழா எங்கன்னுதான கேட்டேன்.'

கடைக்காரப் பையன் கட்டணக் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினான்.