ஆதர் சி. கிளார்க்கும் வால்வு மாற்றும் மனிதனும்

நம் பாடசாலைகளில் ஆதர் சி. கிளார்க் என்ற பெயர் ஒரு பொது அறிவு வினாவுக்குரிய விடை. செய்மதித் தொடர்பாடலை முன்மொழிந்தவர் யார் என்று கேட்டால் மாணவர் கைகள் உயரும். 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பிலேயே காலமான அம்மனிதர் எழுதிய கதை ஒன்றையேனும் படித்தவர் யார் என்று கேட்டாலோ மௌனமே மிஞ்சும். மொறட்டுவையில் அவர் பெயரால் ஒரு நிறுவனம் இருக்கின்றது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை அவர் விளங்கினார். 2005இல் நாட்டின் அதியுயர் விருதும் அவரை வந்தடைந்தது. விருதுகளும் பட்டங்களும் ஓர் எழுத்தாளனைச் சுற்றி மதிலாக எழும்பிவிட்டால், அவனுடைய எழுத்தை வாதத்துக்கு எடுப்பதே ஏதோ அபசாரம் போலத் தோன்றிவிடுகின்றது. அந்த அபசாரத்தைச் செய்ய நாம் இங்கு துணிகின்றோம்.

யந்திரத்தைக் கண்டு அஞ்சிப் பழமையின் நிழலில் ஒதுங்குவோருடன் நமக்கு உறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விஞ்ஞானம் மனிதனைக் கெடுத்தது என்று புலம்பும் இலக்கியம் தமிழில் வேண்டிய மட்டும் உண்டு. அதற்கு நாம் இன்னொரு பக்கம் சேர்க்க வேண்டியதில்லை. கிளார்க் அத்தகைய புலம்பலுக்கு நேர் எதிரானவர். மனித அறிவு எட்டாத இடம் இல்லை என்ற நம்பிக்கையை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தளராமல் எழுதி வந்தவர். அந்த நம்பிக்கையை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். பகிர்ந்துகொள்வதனாலேயே அதனைக் கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

1945 ஒக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘வயர்லெஸ் வேர்ள்ட்’ சஞ்சிகையிலே அவர் எழுதிய கட்டுரையே அவருடைய புகழுக்கு அத்திவாரம். அப்பொழுது பிரித்தானிய விமானப் படையில் ரேடார்த் துறையிற் பணிபுரிந்த இளைஞர், வயது 27. பூமத்திய ரேகைக்கு மேலாக ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் ஒரு பொருள், பூமி தன்னைத்தானே ஒரு தடவை சுற்றி முடிக்கும் அதே நேரத்தில் தன் சுற்றையும் முடிக்கும். ஆகவே கீழிருந்து நோக்குவோனுக்கு அது வானில் அசையாது நிற்பதாகவே தோன்றும். அத்தகைய நிலையங்கள் மூன்றைச் சம இடைவெளியில் நிறுத்தினால் உலகின் பெரும்பகுதிக்கும் ஒலிபரப்பலாம். இவ்வளவுதான் கருத்து, உயர்தர வகுப்பு மாணவன் விளங்கிக்கொள்ளக் கூடிய பௌதிகந்தான். ஆயின் ரொக்கெற் என்றால் லண்டன் மீது விழுந்த ஜேர்மன் வெடிகுண்டு என்று மட்டுமே மக்கள் அறிந்திருந்த ஆண்டில் அதனைச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டியிருந்தது. 19 ஆண்டுகள் கழித்து, 1964இல், ‘சின்கொம் 3’ என்ற செய்மதி அவர் சொன்ன இடத்திலே போய் நின்றது. காப்புரிமை எடுக்காமற் பெருஞ்செல்வத்தை இழந்தமை பற்றிப் பிற்காலத்தில் அவர் வேடிக்கையாக ஒரு கட்டுரையும் எழுதினார்.

பாராட்டுரையாளர் பெரும்பாலும் விட்டுவிடும் விவரம் ஒன்று இங்கே உண்டு. 1945இல் கிளார்க் கண்ட விண்நிலையங்களிலே மனிதர் குடியிருந்தனர். அக்காலத்து மின்னணுக் கருவிகள் யாவும் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. பழைய வானொலிப் பெட்டிகளில் நாம் ‘வால்வு’ என்று அறிந்த கண்ணாடிக் குழாய்களே அவை. வால்வு எரிந்துபோகும். எரிந்தால் மாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு அந்த ஆளும் போக வேண்டும். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டிரான்சிஸ்டர் பிறந்ததும் அவனுக்கு விண்ணில் வேலை இல்லாமற் போயிற்று. தீர்க்கதரிசியின் சிறு சறுக்கல் என்று இதனைச் சிரித்துக் கடந்துபோவது வழக்கம். நமக்கோ அந்த வால்வு மாற்றும் மனிதன் மிக முக்கியமானவனாகப் படுகின்றான். எந்த மகத்தான யந்திரத்தின் பின்னாலும் கருவிப் பெட்டியோடு ஒருவன் நிற்கின்றான் என்பதை இளம் கிளார்க் அறிந்திருந்தார். பின்னைய கிளார்க்கின் உலகத்தில் அவனைத் தேட வேண்டியிருக்கின்றது.

1953இல் வெளியான ‘கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்கள்’ என்ற சிறுகதையில் அவன் இன்னும் இருக்கின்றான். திபெத்திய மடாலயம் ஒன்று, கடவுளின் பெயர்கள் யாவற்றையும் எழுதி முடிப்பதற்காக ஒரு கணினியை வாடகைக்குப் பெறுகின்றது. கையால் எழுதினால் 15,000 ஆண்டுகள். யந்திரத்துக்கு 100 நாட்கள். யந்திரத்தை இயக்க வந்த மேனாட்டுப் பொறியியலாளர் இருவருக்கும் அது என்ன செய்கின்றது என்பதில் அக்கறையில்லை. வேலை முடியுமுன் மலையிறங்கித் தப்பினாற் போதும் என்றிருக்கின்றனர். அந்த முடிவின் திடுக்கிடலைப் பலரும் புகழ்வர். அந்த இருவருடைய அக்கறையின்மையே கதையின் உயிர் என்பது நம் எண்ணம்.

கணினியைப் பற்றிக் கிளார்க் படைத்தவற்றுள் தலைசிறந்தது ‘ஹால் 9000’ என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. 1968இல் ஸ்ரான்லி கூப்ரிக்கின் திரைப்படமாகவும் கிளார்க்கின் நாவலாகவும் வெளிவந்த ‘2001’இலே, படத்தில் வியாழனையும் நாவலில் சனியையும் நோக்கிச் செல்லும் கப்பலை நடத்தும் கணினி அது. கப்பலில் உள்ளோரை அது கொல்கின்றது. படத்தை மட்டும் பார்த்தவர்கள், மனிதனை மிஞ்சிய யந்திரம் எசமானுக்கு எதிராகக் கிளம்பிய பழைய கதைதானே என்பர். நாவலைப் படித்தவருக்கு விடயம் வேறு. பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளிடமிருந்தே மறைக்கும்படி ஹாலுக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது. உண்மையைச் செவ்வனே அளிப்பதற்கென்று ஆக்கப்பட்ட ஒன்று, பொய் சொல்லும்படி ஏவப்பட்டதும் சித்தம் பிறழ்கின்றது. குற்றம் யந்திரத்தினுடையதன்று, இரகசியத்தை ஆட்சிமுறையாக்கிக் கொண்ட அரசினுடையது. 1982இல் வெளிவந்த ‘2010’ நாவலில் இது இன்னும் வெளிப்படையாகப் பேசப்படுகின்றது. யந்திரங்களைப் பற்றி இவ்வளவு அரசியல் தெளிவுடன் எழுதப்பட்ட கதைகள் அதிகமில்லை என்று துணிந்து கூறலாம்.

அந்த ‘2010’இலே ஹாலைப் பயிற்றிய பேராசிரியருக்குக் கிளார்க் இட்ட முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! நம்மூர் வாக்காளர் இடாப்பிலே காணக்கூடிய பெயர். 1984இல் நாவல் படமானபோது அவர் வெறும் சந்திராவாகி, வெள்ளை அமெரிக்க நடிகர் ஒருவரின் முகத்தையும் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டில் சோவியத் சஞ்சிகையொன்று ‘2010’ஐத் தொடராக வெளியிடத் தொடங்கி, நாவலின் ரஷ்ய விண்வெளி வீரர்களுடைய பெயர்கள் ஆட்சிக்கு உடன்படாதோரின் பெயர்கள் என்று தெரியவந்ததும் இடையில் நிறுத்திவிட்டது, ஆசிரியரும் பதவி இழந்தார். உண்மையை மறைப்பதனால் நேரும் கேட்டைச் சொல்ல வந்த கதை, அவ்வாறே மறைக்கப்பட்டது. முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோர் இந்தச் செய்தியையும் கூச்சமின்றிச் சொல்லப் பழக வேண்டும்.

இத்துணை தெளிவுள்ள கண்ணுக்கு உழைப்பு எவ்வாறு தென்பட்டது? 1964இல் பீ.பீ.சி.யின் ‘ஹொறைசன்’ நிகழ்ச்சியிலே தோன்றி அவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். அலுவலகத்துக்குப் போகாமலே தாகித்தியிலிருந்தோ பாலித்தீவிலிருந்தோ வேலை செய்யலாம் என்றார். எடின்பரோவிலுள்ள வைத்தியர் நியூசிலாந்து நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்வார் என்றார். இவற்றுட் பலவும் நம் காலத்தில் நடந்துவிட்டன. அதே பேச்சில், வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத குறையை அறிவு மேம்படுத்தப்பட்ட குரங்குகளை வளர்த்துத் தீர்க்கலாம் என்றும், நாளடைவில் அக்குரங்குகளும் தொழிற்சங்கம் அமைத்துவிடுமாதலால் பழைய இடத்துக்கே வந்து சேர்வோம் என்றும் அவர் சொன்னார். நகைச்சுவைதான்; நாமும் சிரித்தோம். ஆயினும் எந்த வகுப்பினர் வீட்டு வரவேற்பறையிலிருந்து அந்தச் சிரிப்பு எழுகின்றது என்பதும் நம் காதில் விழாமலில்லை. 1973இல் எழுதிய ‘ராமாவுடன் ஒரு சந்திப்பு’ நாவலில் அந்தக் குரங்குகள் நகைச்சுவையைக் கடந்து கதைக்குள்ளேயே வந்துவிட்டன; விண்கப்பலில் ஏவல் வேலை செய்கின்றன. வால்வு மாற்றும் மனிதன் நின்ற இடத்தில் இப்பொழுது யார் நிற்கின்றது பாருங்கள்.

எதிர்காலம் உரைப்போரை வீழ்த்தும் குறைகள் இரண்டு என்று 1962இல் வெளியான ‘எதிர்காலத்தின் வடிவங்கள்’ நூலில் கிளார்க் வகுத்தார்: துணிவின்மை ஒன்று, கற்பனையின்மை மற்றொன்று. அவருக்கு இரண்டும் இல்லை. அவரிடம் நாம் காணும் குறை, நிற்கும் இடத்தினால் வருவது. மாடியில் நிற்பவன் தொலைவை நன்றாகக் காண்பான்; மாடிப்படியைக் கழுவுகின்றவளைக் காணமாட்டான்.

இது மிகவும் உறுத்துவது 1979இல் வெளியான ‘சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்’ நாவலில். நம் நாட்டை வைத்து அவர் எழுதிய பெருநாவல் அது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி. அதன் கருத்து 1960இல் யூரி ஆர்த்சுத்தானொவ் என்ற சோவியத் பொறியியலாளர் வெளியிட்டது. இத்தகைய கோபுரத்துக்குப் பூமத்திய ரேகையில் ஓர் உயர்மலை வேண்டும். சிவனொளிபாத மலையைக் கிளார்க் தெரிந்துகொண்டார். மலை பூமத்திய ரேகையில் இல்லையே? தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தித் ‘தப்ரபேன்’ என்று பெயரிட்டார். எழுத்தாளனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. அதிற் குறைகாண மாட்டோம். மலையுச்சியில் மடாலயம், துறவிகள் இடம்பெயர மறுக்கின்றனர், மோர்கன் என்ற பொறியியலாளன் ஒற்றைக் கனவோடு போராடுகின்றான். அவனுக்கு இணையாகச் சிகிரியாவைக் கட்டிய மன்னனின் கதையும் பின்னப்படுகின்றது. விறுவிறுப்பான கட்டுமானம், மோர்கனின் இறுதிப் பயணத்தை மனம் கனக்காமல் யாரும் படித்துவிட முடியாது.

ஆயினும் அந்த மலைக்கு அடிவாரம் ஒன்று உண்டு. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறுவோர் தேயிலைத் தோட்டங்களுக்கூடாகத்தான் ஏறுகின்றனர். அங்கே லயன்களில் வாழ்ந்தோரின் தலைவிதியை, கிளார்க் பீ.பீ.சி.யில் தூரம் மறையும் என்று பேசிய அதே 1964இல், இரு அரசாங்கங்கள் எண்ணிக்கையாலே தீர்த்தன. 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் எழுதின. நாவல் வெளிவந்தபோது தலைமன்னார்க் கப்பலில் அவர்கள் போய்க்கொண்டிருந்தனர். தீவு தெற்கே நகர்ந்தது கற்பனை. மலையடிவாரத்து மக்கள் வடக்கே நகர்த்தப்பட்டது வரலாறு. எல்லாக் கதையும் எல்லாரையும் பற்றிப் பேச வேண்டும் என்று விதிப்பது விமர்சனமாகாது என்பதை அறிவோம். ஆனால் ஒரு மலையை விட்டு யார் வெளியேற வேண்டும் என்பதையே தன் முரண்பாடாகக் கொண்ட நாவல் இது. அங்கே துறவிக்கும் பொறியியலாளனுக்கும் வாதம் நடக்கின்றது. தூதுவரும் ஊடகக்காரியும் உடனிருக்கின்றனர். கதையை நடத்திச் செல்வோருள் கொழுந்து பறித்தவளின் பேரப்பிள்ளை எவரும் இல்லை. கோபுரத்தை மோர்கன் கட்டினான் என்கிறோம், சிகிரியாவை மன்னன் கட்டினான் என்பது போலவே.

வளர்ச்சியின் உச்சத்தை எட்டிய தொழினுட்பம் மாயவித்தையாகவே தெரியும் என்ற கிளார்க்கின் கருத்து உலகெங்கும் எடுத்தாளப்படுவது. நாமோ கேட்கிறோம்: யாருக்கு? மாயம் என்பது பார்வையாளனின் சொல். செப்பிடு வித்தைக்காரனுக்கும் அவனுடைய பெட்டியைச் செய்த தச்சனுக்கும் அங்கே மாயம் இல்லை. 1963இலேயே ‘பெயர்ச்சைல்ட்’ என்ற அமெரிக்கக் கம்பனி டிரான்சிஸ்டர்களைப் பொருத்தும் தொழிலை ஹொங்கொங்குக்குக் கொண்டுபோயிற்று; குறைந்த கூலிக்குப் பெண்கள் கிடைத்தனர். டிரான்சிஸ்டர் வந்ததால் வால்வு மாற்றுபவன் ஒழிந்தான் என்பது பாதி உண்மையே. அவன் கடல் கடந்து, பெண்ணாகி, நுணுக்குக்காட்டியின் முன் குனிந்திருந்தான்.

இன்று கைத்தொலைபேசியில் ஒரு வினாவைத் தட்டினால் முழுக் கட்டுரையே வந்து விழுகின்றது. மாணவர் அதனை ‘மஜிக்’ என்கின்றனர். ஆசிரியருட் சிலரும் அவ்வாறே. கோடிக்கணக்கான மனிதர் எழுதிவைத்த சொற்களிலிருந்து அது உருவானது. அதன் வாயிலிருந்து ஆபாசமும் வன்முறையும் வராமல் தடுப்பதற்காக, அத்தகைய எழுத்துக்களை நாள் முழுதும் படித்துத் தரம்பிரிக்கும் வேலையைக் கென்யத் தொழிலாளர் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கும் குறைந்த கூலிக்குச் செய்தனர் என்று 2023 ஜனவரியில் ‘டைம்’ சஞ்சிகை வெளிப்படுத்தியது. ஹாலுக்குச் சந்திரசேகரம்பிள்ளை என்ற ஓர் ஆசிரியர் போதுமாயிருந்தார். நம் காலத்து ஹாலுக்கு நைரோபியில் ஒரு தொழிற்கூடமே வேண்டியிருந்தது.

கிளார்க்கைத் தமிழில் மொழிபெயர்க்க முன்வருவோர் ஹாலிலிருந்து தொடங்காமல், 1951இல் அவர் எழுதிய ‘மேம்பாடு’ என்ற பொருளுடைய சிறுகதையிலிருந்து தொடங்கலாம் என்பது நம் விருப்பம். எதிரியிலும் உயர்ந்த விஞ்ஞானத்தை வைத்திருந்தமையாலேயே போரில் தோற்ற ஒரு தரப்பின் கதை அது. தோற்ற தளபதியே சொல்கின்றான். அதிலே போரை ஆராய்ந்து முடிவு கூறும் கணினியொன்று வருகின்றது. ஏறத்தாழப் பத்து இலட்சம் வால்வுகள். இயக்கவும் பேணவும் 500 தொழினுட்பவியலாளர். இத்தனை பேருக்குப் போர்க்கப்பலில் இடம் போதவில்லை. வேலைமுறை முடிந்தோரைச் சுமந்து வருவதற்கென்றே இன்னொரு கப்பலும் கூடச் செல்ல வேண்டியிருந்தது.