துடைப்பமும் கொடியும்

வித்தியாசமான புகைப்படம் எடுக்க வழி கேட்டால் கோணம், வெளிச்சம், லென்ஸ் என்று பாடம் நடத்துவார்கள். கருப்பினப் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸின் 'அமெரிக்கன் காதிக்' படத்தைப் பார்த்தபின் எனக்கு அந்தப் பாடம் போதவில்லை.

1942. வாஷிங்டனில் அரசாங்கப் புகைப்படப் பிரிவுக்கு வந்த பார்க்ஸிடம், கேமராவை வைத்துவிட்டு ஊரைச் சுற்றிவரச் சொன்னார் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, சினிமா தியேட்டர், எங்க போனாலும் அவமானம்தான். பிறகு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் எலா வாட்சனிடம் அவர் வாழ்க்கையைக் கேட்டார். அப்புறம்தான் படம். கையில் துடைப்பம், பக்கத்தில் மாப்பு, பின்னால் அமெரிக்கக் கொடி. 1930இல் கிராண்ட் வுட் வரைந்த ஓவியத்தில் வெள்ளை விவசாயி கவைக்கோலோடு விறைப்பாக நிற்பார். அந்த நிலையையும் பெயரையும் எடுத்து இந்த அம்மாவுக்குக் கொடுத்தார் பார்க்ஸ்.

'நிற்க வச்சு எடுத்ததுதானே' என்பார்கள். ஆமா, திட்டம் போட்டதுதான். அதோடு விடாமல் வாரக்கணக்கில் அவர் வீடு, பேரப்பிள்ளைகள், சர்ச் என்று கூடவே போய் எடுத்தாரே!

நம்ம துப்புரவுத் தொழிலாளியைப் படமெடுக்க வருகிறவர்களில் பலர் மலக்குழியையும் கழிவு வழியும் உடம்பையும்தான் தேடுறாங்க. பேர் கேட்டாங்களா? அந்தப் படங்களுக்கு உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடலாம். எலா வாட்சன் படத்தில் அது முடியாது. கேள்வி நேரா கொடிமேல் விழுகிறது.

படத்துக்குத் திட்டம் போடுவது என்றால், யாரைக் குற்றவாளியாக நிறுத்துவது என்று முடிவு செய்வது. கேமரா தூக்கும் தோழர்கள் முதலில் அதை முடிவு செய்யட்டும்.